கூப்பிட்டால்தானே வருவார்கள்?

ஆய்வுலகில் ஒரு கடன் கணக்கு உண்டு. நீங்கள் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால், பொதுவாக இரண்டு பேராவது சம்பளமில்லாமல் உட்கார்ந்து அதைப் படித்துக் குறை சொல்ல வேண்டும். அதுதான் பியர் ரிவ்யூ. நீங்களும் பதிலுக்கு இரண்டு பேர் கட்டுரையைப் படித்துத் தர வேண்டும் என்பது நியாயம்தானே?

இந்தக் கணக்கை உலக அளவில் போட்டுப் பார்த்தது பப்ளான்ஸ் நிறுவனம். 2018இல் அது வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாட்டு ஆய்வாளர்கள் தாங்கள் அனுப்பும் ஒரு கட்டுரைக்குச் சுமார் 2 மதிப்பீடுகள் எழுதுகிறார்கள். சீனா, இந்தியா உள்ளிட்ட 'வளரும்' பகுதிகளில் அது சுமார் 0.6. படித்ததும் என்ன தோன்றும்? நம்மாளுங்க ஓசியில சாப்பிட்டுட்டு இலையைக்கூட எடுக்காமப் போறாங்க.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மதிப்பிட அழைத்தால், வளரும் பகுதிக்காரர்கள்தான் அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள். அழைப்புதான் வருவதில்லை. அழைக்கும் இதழாசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பணக்கார நாடுகளில் இருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறார்கள். அப்படியானால் 0.6 என்ற எண் அளப்பது யாருடைய சோம்பேறித்தனத்தை? அறிக்கை இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். அந்த எண்ணைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு ஓடுபவர்கள் இதுவரை வந்து படிப்பதில்லை.

தரவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். 2017இலேயே பப்ளான்ஸை கிளாரிவேட் வாங்கிவிட்டது. அறிக்கைக்கான எண்களில் பெரும்பகுதி வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்காலர்ஒன் என்று அதே நிறுவனத்தின் கிடங்குகளிலிருந்து வந்தவை. அந்தக் கிடங்குக்குள் வராத உள்ளூர் இதழுக்கு, உள்ளூர் மொழியில் ஒருவர் எழுதித் தரும் மதிப்பீடு இந்தக் கணக்கில் ஏறாது.

அதற்காக நம் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. வளரும் பகுதிகளிலிருந்து வரும் மதிப்பீடுகள் நீளத்தில் குறைவு என்கிறது அறிக்கை. எப்படி நீளும்? 2010இல் யூஜிசி கொண்டுவந்த ஏபிஐ முறை ஆசிரியர்களின் கட்டுரைகளைப் புள்ளியாக எண்ணியது. 2016இன் பிஎச்டி விதிகள் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றன. 2022இல்தான் அந்தக் கட்டாயம் போனது. எழுது, எழுது என்று விரட்டிய அந்த விதிகள், அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு அந்த அளவு அழுத்தம் தரவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதன் விலை தெரியும். புதிதாகச் சேர்ந்தவரின் கோடை நாம் ரிவ்யூ செய்வதோடு நிறுத்துவதில்லை, சீக்கிரமே சீனியரின் கோடையும் அவரிடம் தருகிறோம். தன் தவறு எங்கே என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபடும். காலம் முழுக்கத் தீர்ப்பை வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு, தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது புரியவே புரியாது. மதுரையிலோ நைரோபியிலோ இருக்கும் ஓர் ஆய்வாளர் இழப்பது இந்தப் பயிற்சியைத்தான். எது நல்ல கேள்வி, எது 'உலகளாவிய' பிரச்சினை என்று முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு நாற்காலியும் கிடைப்பதில்லை.

ஆகவே பங்கேற்பு குறைவு என்று புலம்புவதற்கு முன், இதழ்கள் தங்கள் அழைப்புப் பட்டியலை வெளியிடட்டும். எந்த நாட்டில் எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள்? அந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் கடன்காரர் யாரென்று தெரியும்.