அரசன் மகளைக் காதலித்தல்: அம்பிகாபதியும் புரட்சிக்கவியும்

ஆட்சியாளரின் மகளைக் காதலித்தவன் கதை தமிழில் பலமுறை சொல்லப்பட்டுள்ளது. வகுப்பறையில் இக்கதைகளைக் காதலின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். காதலர்க்குத் தீர்ப்பு வழங்கும் தந்தையே நாட்டை ஆள்பவனாகவும் இருக்கும்போது, அத்தீர்ப்பை வினவுவோர் யார்? இக்கதைகளை இவ்வினாவைக் கொண்டு அளவிடுதல் தகும்.

கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையிலான காதல், செவிவழி மரபாக வழங்கி வருவது. காமச்சுவை கலவாத நூறு பாடல்களைப் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது மன்னன் விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறு நிறைந்ததெனக் கருதி வெளிப்படுகிறாள். அவளைக் கண்டு காதற்பாடல் பாடியவன் கொலைத் தண்டனைக்கு உள்ளாகிறான். கேட்போர் ஓர் எண்ணிக்கைப் பிழைக்காக இரங்குகின்றனர். அப்பிழையும் பெண்ணின்மீதே ஏற்றப்படுகிறது. நிபந்தனை விதித்த அதிகாரமோ வினவப்படாமலே எஞ்சுகிறது.

1937ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' திரைப்படம் வெளிவந்தது. அதே ஆண்டில் பாரதிதாசனின் 'புரட்சிக்கவி'யும் வெளிவந்தது. காசுமீரக் கவிஞர் பில்கணர் பற்றிய கதையே இக்காவியத்தின் மூலம். அக்கதை வழங்கும் வடிவங்களுள் ஒன்றில், மன்னன் மனமிரங்கி மகளைக் கவிஞனுக்கே அளிக்கிறான். அங்கும் முடிவு மன்னனின் அருளைச் சார்ந்ததே. பாரதிதாசன் இவ்விடத்தில் மூலத்தினின்றும் விலகுகிறார். ஆசிரியன் குருடன் என்றும் மாணவி தொழுநோயாளி என்றும் பொய்கூறி இடையே திரையிடுகிறது அரண்மனை. உதாரன் நிலவைப் பாடியபோது, பார்வையற்றவன் எங்ஙனம் பாடினான் என ஐயுற்ற அமுதவல்லி திரையை விலக்குகிறாள். கொலைக்களத்தில் மக்கள் திரண்டெழ, முடியாட்சியே வீழ்கிறது.

மலாய் இலக்கியத்தோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 'ஹிக்காயாட் ஹங் துவா'வில், பெண்டஹாராவின் மகள் துன் தேஜாவின் மனத்தைத் தன்பால் ஈர்த்த ஹங் துவா, அவளைச் சுல்தானிடமே ஒப்படைக்கிறான். அங்கு அரசப்பற்று காதலை விஞ்சுகிறது. அவளது விருப்பம் அவனது பணிக்குக் கருவியாகி விடுகிறது.

எனினும் புரட்சிக்கவியும் குறையற்றதன்று. திரையை விலக்கியவள் அமுதவல்லியாயினும், மக்களை எழுப்புவது உதாரனின் உரையே. அதிகாரத்தை எதிர்க்கும் காவியத்திலும் இறுதிச் சொல் ஆண்கவிஞனுக்கே உரியதாகிறது. பெட்டாலிங் ஜெயா போன்ற நகரங்களில் இன்று இக்காவியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் புரட்சியைப் பாராட்டுவதோடு நில்லாது, அரசன் மகளின் குரல் எவ்விடத்தில் அடங்குகிறது என்பதையும் மாணவரைத் தேடச் செய்தல் வேண்டும்.