ஐபாட் கிளாசிக்: லைப்ரரியை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு

ஐபாட் கிளாசிக் விற்பனையை ஆப்பிள் நிறுத்தியது 2014 செப்டம்பரில். கடைசியாக எஞ்சியிருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. ஆனாலும் பழைய கிளாசிக்குகள் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் திணறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இதில் பாட்டை ஏற்றுவது எப்படி? பென் டிரைவில் போடுவதுபோல் ஃபைலை இழுத்துப் போட்டால் அது மெனுவில் வருவதே இல்லை. 2009இல் வந்த 160 ஜிபி மாடலைப் பற்றிய இந்த விமர்சனத்தில், பாட்டை ஏற்றும் 'சிங்க்' வேலைக்குத்தான் அதிக இடம். இந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்வது அதுதான்.

கருவி

முன்பக்கம் அலுமினியம், பின்பக்கம் பளபளக்கும் ஸ்டீல். எடை 140 கிராம், திரை 2.5 அங்குலம். வைஃபை, புளூடூத் இரண்டும் கிடையாது. கிளிக் வீலில் கட்டைவிரலைச் சுழற்றினால் ஆயிரக்கணக்கான பாடல்களைச் சில விநாடிகளில் கடந்துவிடலாம். சட்டைப் பைக்குள் வைத்தபடியே, திரையைப் பார்க்காமல் பாட்டை மாற்றலாம். இந்த வசதி தொடுதிரை போன்களில் இல்லை. எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வேவ் எல்லாம் பாடும், ஃபிளாக் பாடாது. ஆப்பிள் மியூசிக் சந்தாவில் கிடைக்கும் பாடல்களையும் இதில் ஏற்ற முடியாது. ஆகவே, உங்களிடம் சொந்தமாகப் பாட்டு ஃபைல்கள் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஐபாடை கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க்காகத் திறந்து, மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 'ஐபாட் கண்ட்ரோல்' என்ற ஃபோல்டருக்குள் 'மியூசிக்'. அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் பல ஃபோல்டர்கள். அவற்றில் உங்கள் பாடல்கள் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களில் சிதறிக் கிடக்கும். எந்த ஃபைல் எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்தப் படம் என்பதெல்லாம் தனியாக ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. ஐபாட் மெனு அந்த டேட்டாபேஸை மட்டுமே படிக்கும். நேராக இழுத்துப் போட்ட பாட்டு அந்தப் பதிவேட்டில் ஏறாததால்தான் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பதிவேட்டை எழுதுவது விண்டோஸில் ஐடியூன்ஸ். மேக்கில் 2019இன் கேட்டலினாவிலிருந்து ஐடியூன்ஸ் இல்லை. மியூசிக் ஆப் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ள, ஃபைண்டர் சிங்க் செய்கிறது. இரண்டிலும் விதி ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் உள்ள லைப்ரரிதான் மூலம், ஐபாட் அதன் பிரதி. லைப்ரரியில் ஒரு பாட்டை அழித்தால் அடுத்த சிங்க்கில் ஐபாடிலும் போய்விடும். வேறு கம்ப்யூட்டரில் செருகி, "அழித்துவிட்டு இந்த லைப்ரரியோடு சிங்க் செய்யவா?" என்ற கேள்விக்குச் சரி சொன்னால், உள்ளே இருக்கும் பாடல்கள் அனைத்தும் போய், அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் வரும். எனவே ஐபாடை பேக்கப் என்று நம்பவே கூடாது. லைப்ரரியை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

ஆட்டோவா, மேனுவலா?

முழு லைப்ரரியையும் ஏற்றலாம். தேர்ந்தெடுத்த பிளேலிஸ்ட், ஆல்பம், பாடகர்களை மட்டும் ஏற்றலாம். 'மேனுவல்' என்று டிக் செய்து ஒவ்வொன்றாக நாமே இழுத்துப் போடலாம். முதல் முறை மேனுவல்தான் சுலபம்போலத் தோன்றும். ஆனால் எதை ஏற்றினோம், எதை விட்டோம் என்ற கணக்கு ஒரு கட்டத்தில் கைமீறிப் போகும். என் பரிந்துரை, 'தேர்ந்தெடுத்த பிளேலிஸ்ட்' முறை. ஐபாடுக்கென்று சில பிளேலிஸ்ட்களை உருவாக்கி, அவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். அதன்பின் மாற்றங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தால் போதும். கேபிளைச் செருகியதும் மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஐடியூன்ஸில் இரண்டு அமைப்புகளை முதல் நாளே டிக் செய்துவிடுங்கள்: சேர்க்கும் பாடல்களை மீடியா ஃபோல்டருக்குள் நகலெடுப்பது, அந்த ஃபோல்டரை ஒழுங்காக வைத்திருப்பது. இல்லாவிட்டால் டவுன்லோட் ஃபோல்டரில் கிடந்த ஃபைலை என்றோ நகர்த்த, பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்து நிற்கும். சிங்க்கில் அது ஏறாது.

சினிமாப் பாடல்களின் சிக்கல்

இந்த மென்பொருள் ஒரு ஆல்பத்துக்கு ஒரு பாடகர் என்ற வழக்கத்தை ஒட்டி அமைந்தது. நம் படங்களில் பாட்டுக்குப் பாட்டு குரல் மாறும். 'ரோஜா' (1992) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மின்மினி, எஸ்.பி.பாலசுப்ரமணியம், உன்னி மேனன், சுஜாதா, ஹரிஹரன் என்று குரல்கள் பல. கவனிக்காமல் விட்டால் ஒரே படம் பல ஆல்பங்களாக உடைந்துவிடும். தீர்வு எளிது. படத்தின் எல்லாப் பாடல்களையும் தேர்ந்தெடுத்து, ஆல்பம் இடத்தில் ஒரே எழுத்தில் படப் பெயர், 'கம்போஸர்' இடத்தில் இசையமைப்பாளர், 'கம்பைலேஷன்' பெட்டியில் ஒரு டிக்.

நாம் பாட்டைத் தேடுவது பெரும்பாலும் இசையமைப்பாளரை வைத்துத்தான். கிளாசிக்கில் கம்போஸர் பட்டியலை முதல் மெனுவுக்கே கொண்டுவரும் வசதி இருக்கிறது. அங்கே விஸ்வநாதன், இளையராஜா, ரஹ்மான் என்று வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, கருவி நம் ரசனைக்கு வளைந்து கொடுத்த நிறைவு கிடைக்கிறது. ஆனால் எழுத்து சீராக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இளையராஜா பெயரில் ஒரு 'ஏ' கூடினாலோ குறைந்தாலோ ஐபாடுக்கு அவர் வேறொருவர். பழைய எம்பி3களில் படப் பெயரோடு ஏதோ ஓர் இணையதளத்தின் பெயரும் ஒட்டியிருக்கும். மொத்தமாகத் திருத்த எம்பி3டேக் என்ற மென்பொருள் கைகொடுக்கும்.

ஸ்மார்ட் பிளேலிஸ்ட்

கிளாசிக்கை நான் உயர்த்திச் சொல்ல முதல் காரணம் இதுதான். பாடல்களுக்குப் பதில் விதிகளைக் கொடுக்கிறோம்: 'நான்கு நட்சத்திரத்துக்குக் குறையாதவை, ஆறு மாதமாகக் கேட்காதவை, மொத்தம் 5 ஜிபிக்குள்'. பாட்டு ஓடும்போதே நடுப் பட்டனைச் சில முறை அழுத்தி நட்சத்திரம் கொடுக்கலாம். ஆட்டோ சிங்க்கில் அந்த நட்சத்திரமும், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் லைப்ரரிக்குத் திரும்பி வரும். கேட்டவை பட்டியலிலிருந்து விலக, மறந்துபோன பாடல்கள் உள்ளே வரும். நம் சொந்த ரசனையே பட்டியல் போடுகிறது. எந்த நிறுவனத்தின் கணக்கும் இதில் தலையிடுவதில்லை.

இடக் கணக்கு

ஐந்து நிமிடப் பாட்டு லாஸ்லெஸில் சுமார் 30 எம்பி. 160 ஜிபியில் தோராயமாக 5,000 பாடல்கள். அதையே 256 கேபிபிஎஸ் ஏஏசியாக மாற்றினால் 10 எம்பிக்குள் அடங்கும். எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்கு. லைப்ரரியில் உள்ள மூலத்தைத் தொடாமல், ஐபாடுக்குப் போகும் பிரதியை மட்டும் சுருக்கும் வசதி சிங்க் பக்கத்திலேயே உண்டு. முதல் சிங்க் மிக மெதுவாக நடக்கும். இரவில் போட்டுவிட்டுப் படுப்பது நல்லது. கேபிளைப் பிடுங்கும் முன் 'இஜெக்ட்' செய்யத் தவறாதீர்கள்.

சிங்க்கே வேண்டாம் என்றால்?

ராக்பாக்ஸ் இருக்கிறது. 2001இல் ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கிய இந்த இலவச மென்பொருள் கிளாசிக்கிலும் ஓடும். ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும், ஃபிளாக்கும் பாடும். ஆனால் ஐடியூன்ஸுடன் கணக்குகள் போய்வரும் அந்த அழகு இதில் இல்லை.

தீர்ப்பு

வாங்கும் முன் பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா, 30 பின் கேபிள் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரீமிங்கே போதும் என்பவர்களுக்கும், பாட்டு விவரங்களைத் திருத்தப் பொறுமை இல்லாதவர்களுக்கும் இது தேவையில்லை. சிடி, எம்பி3 என்று பல வருடமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கினால் முதல் ஞாயிற்றுக்கிழமையை லைப்ரரியைச் சீர் செய்ய ஒதுக்குங்கள். நாளை இந்த ஐபாட் பழுதானாலும், அந்த உழைப்பின் பலன் உங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கும். அடுத்து எந்தக் கருவி வாங்கினாலும் கூட வரும்.