பைப்பும் வரிசையும்: ஓபிஎன்சென்ஸ் ஷேப்பர் ஒரு பரீட்சை

பிஎஃப்சென்ஸிலிருந்து 2015-ஆம் ஆண்டில் கிளை பிரிந்து, ஃப்ரீபிஎஸ்டியை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்துவரும் ஓபிஎன்சென்ஸ் என்னும் ஃபயர்வாலை, விசிறியில்லாத ஒரு சிறு பெட்டியில் ஏற்றி, 100 மெகாபிட் இணைப்பொன்றின் வாயிலில் வைத்துப் பார்த்தேன். விதிகள் எழுதுவதும் புதுப் பதிப்பை ஏற்றுவதும் யாதொரு சிரமமுமின்றி நடக்கின்றன. அவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஆனால் போக்குவரத்தை அளந்து விடும் ஷேப்பர் என்னும் உறுப்பை இயக்கிய மாத்திரத்தில் டவுன்லோடு படுத்துவிட்டதென்று முறையிடுவோர் அநேகர் உண்டாதலால், அதை மட்டும் சற்று நிதானித்துப் பரீட்சிப்பது பிரயோஜனமுள்ள காரியம்.

ஷேப்பரை வேகம் கூட்டும் சாதனமென்று எண்ணுவது ஆதியிலேயே பிசகு. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றை இறக்கும்போது, பாக்கெட்டுகள் இணைப்புக் கம்பெனியின் கருவியிலுள்ள ஆழமான தேக்கத்தில் வரிசைகட்டி நிற்க, பின்னால் வரும் வீடியோ அழைப்பின் பாக்கெட்டும் அங்கேயே காத்துக் கிடக்க நேர்கிறது; இந்த வியாதிக்குத்தான் ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்று நாமகரணம் செய்தார். அந்தத் தேக்கம் நம் ஆளுகைக்கு அப்பாற்பட்டது. ஆகவே ஷேப்பரில் வேக வரம்பைக் குறிக்கும் ‘பைப்’ என்பதன் அளவை மெய்யான வேகத்துக்குச் சற்றுக் கீழே, 100-க்கு 90 அல்லது 95 என்று நிர்ணயித்தால், வரிசை நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. நம் வாசலில் நிற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நமக்கு அதிகாரம் உண்டு. இழக்கும் ஐந்து பத்து மெகாபிட், அந்த அதிகாரத்துக்குச் செலுத்தும் கட்டணம்.

ஐந்து பத்துக்குப் பதிலாக ஐம்பது அறுபது போய்விட்டால், முதலில், பாக்கெட்டுகளைப் பைப்புக்குள் அனுப்பும் ஷேப்பரின் ரூலை அணைத்துவிட்டு அளந்து பார்க்க வேண்டும். அப்போதும் மந்தமென்றால் குற்றம் கேபிளிலோ, ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்கும் சூரிகாட்டா காவலிலோ இருக்கக்கூடும்; 12.5 என்று திரை காட்டுவது மெகாபைட் கணக்கானால், குற்றமே இல்லை. வேகம் திரும்பிவிட்டதென்றால், பைப்பின் அமைப்பைத் திறந்து பார்க்கலாம்.

இங்கேதான் விசேஷம். க்யூ என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டால், உள்ளே இயங்கும் டம்மிநெட், வழக்கமான 50 பாக்கெட்டுக்கே இடம் ஒதுக்குகிறது. 1,500 பைட் வீதம் அது 75,000 பைட். 100 மெகாபிட் வேகத்தில் 6 மில்லிசெகண்டுச் சரக்கு. பக்கத்து நகரத்து சர்வரோடு வேகச் சோதனை செய்தால் எண்கள் நிறைவாகவே வரும். கடல் கடந்த சர்வரோ பாக்கெட்டுகளைக் கும்பல் கும்பலாக அனுப்பி, அவற்றில் சில இடமின்றி உதிர்ந்து போக, உதிர்ந்ததைக் கண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மீண்டும் ஏற நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. உள்ளூரில் வேகம், தூரத்தில் மந்தம் என்னும் லட்சணத்தைக் கண்டால் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பரிகாரம், பாக்கெட்டுகளை எந்த முறையில் வெளியே விடுவதென்று தீர்மானிக்கும் ஷெட்யூலரை ஃப்ளோக்யூ-கோடெல் என்று மாற்றுவது. 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்த இம்முறையின் மொத்த வரம்பு 10,240 பாக்கெட். ஆயினும் காத்திருப்பு 5 மில்லிசெகண்டைத் தாண்டி நீடித்தால் அதுவே பாக்கெட்டுகளைக் கழிக்கத் தொடங்கும். இத்தனை முக்கியமான தேர்வை ‘அட்வான்ஸ்டு’ திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

ரூலில் திசையைக் குறிப்பிடாமல் விடுவதும் விபரீதமே: ஏறுவதும் இறங்குவதும் ஒரே பைப்பில் புகுந்து, யாரோ படங்களை மேலேற்றும் நேரத்தில் டவுன்லோடு நசுங்கும். இணையத்தை நோக்கிய ‘வான்’ (WAN) முகத்தில் உள்வருவதற்கு ஒன்று, வெளிச்செல்வதற்கு ஒன்று என இரண்டு பைப் வைப்பதே கிரமம். மாஸ்க் கட்டத்தில் ‘டெஸ்டினேஷன்’ என்று வைத்தால், இருக்கும் அளவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே ஒரு முழுப் பைப் கிடைத்து, ஷேப்பர் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இவற்றைச் சீர்செய்த பின், கோப்பு இறங்கிக்கொண்டிருக்கையிலேயே பிங் விட்டுப் பார்த்தேன். முன்பு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்கு எகிறியது, வெறும் இணைப்பில் கிடைப்பதற்குச் சில மில்லிசெகண்டு மேலாக மட்டுமே நின்றது. பலர் பகிரும் 100, 200 மெகாபிட் இணைப்புக்கு இந்த ஷேப்பரைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஜிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்கள், தங்கள் பெட்டியின் பிராசசர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அளந்து பார்த்த பிறகே இதில் கை வைப்பது உசிதம்.