தகுதிவாய்ந்த ஆசிரியர்: இரு வரையறைகள் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தகுதிவாய்ந்த ஆசிரியர் யார் என்னும் வினாவிற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1998-இல் பத்துத் திறன்களை விடையாகத் தந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கும் ஆசிரியராகார்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தார். இவ்விரண்டின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்துத் திறன்கள்

சூழல், கருத்து, பாடப்பொருள், கற்பித்தல், மதிப்பீடு, மேலாண்மை, பெற்றோருடனும் சமுதாயத்துடனும் இயைந்து செயல்படல் முதலியன அப்பத்தில் அடங்கும். ஆசிரியத் தகுதி பயிற்சியால் பெறத்தக்கது என்னும் கொள்கையே இப்பட்டியலின் வலிமை. ஆயினும் அனைத்தும் ஆசிரியரிடம் இருப்பவற்றையே எண்ணுகின்றன. மாணவரிடம் சென்று சேர்ந்தது யாது என வினவவில்லை. 150 மதிப்பெண்ணுக்கும் கொள்குறி வினாக்களையே கொண்ட ஆசிரியர் தகுதித் தேர்வு இக்குறையை மிகுவிக்கிறது.

நன்னூல் வரையறை

நன்னூல் நல்லாசிரியர்க்குக் குலத்தை முதற்கண் வேண்டுவது இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் ஆசிரியராகார்க்கு அது கூறும் உவமைகள் சிந்திக்கத்தக்கவை. கழற்குடம் இட்ட முறையன்றிக் காய்களை வெளிவிடும். மடற்பனை ஏறவிடாது, தானே வீழ்த்துவதை மட்டும் தரும். பருத்திக்குண்டிகை சிறிது சிறிதாகவே ஈயும். முடத்தெங்கு நீர் வார்த்தவரை விடுத்துப் பிறர்க்குக் காய் தரும். நான்கும் ஆசிரியரின் அறிவை மறுக்கவில்லை. அவ்வறிவு மாணவரை அடையும் முறையையே குறை காண்கின்றன.

களச் சான்று

பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையுடைய, 18 மீட்டர் நீளக் கல்மரம் உள்ளது. அரியலூரின் சுண்ணாம்புக்கற் படிவுகளில் பண்டைக் கடலுயிரிகளின் எச்சங்கள் கிடைக்கின்றன. சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இச்சுண்ணாம்புக்கல்லே. இங்குத் தொல்லுயிர் எச்சத்தை நூலில் உள்ளவாறு மட்டும் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியர், பாடப்பொருள் திறனில் முழு மதிப்பெண் பெறலாம். சுரங்கத்திற்கு வேலைக்குச் செல்லும் தந்தையின் பிள்ளை, 'கடற்சிப்பி நம் ஊர் மண்ணில் எவ்வாறு வந்தது?' என வினவும் நிலையை அவர் உருவாக்கவில்லையேல், அவரது அறிவு மடற்பனையின் கனியே.

முடிவுரை

பத்துத் திறன்கள் பிறப்பைத் தகுதியினின்று நீக்கின. நன்னூல் மாணவரை அளவுகோலாக்கியது. இவ்விரண்டும் இணைதல் வேண்டும். ஈராண்டு கல்வியியல் பட்டப் படிப்பின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில், பாடத்திட்டப் பதிவேட்டோடு மாணவர் எழுப்பிய வினாக்களும் விளக்கங்களும் மதிப்பீட்டிற்கு உட்படின், தகுதி என்னும் சொல் வகுப்பறையில் பொருள் பெறும்.