சித்திரசாலையும் பாட்டாளி மக்களும்

சித்திரசாலை செல்வர்களின் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டதா, அன்றி உழைத்துண்ணும் மக்களின் அறிவு வளர்ச்சிக்காக ஏற்பட்டதா என்னும் வினா புதியதன்று. மேனாடுகளில் இவ்வினா எழுந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஒயிட்சேப்பலில், ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களின் நடுவே, 1881ஆம் ஆண்டு முதல் பார்னட் என்னும் பாதிரியாரும் அவர்தம் மனைவியாரும் ஓவியக் காட்சிகள் நடத்தினர். வேலையாட்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில்தானே; ஆதலின் அன்றும் கதவைத் திறந்து வைத்தனர். ஓய்வு நாளின் புனிதம் கெட்டதென்று வைதிகர்கள் கூச்சலிட்டனர். 1907இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரக் கலைச்சாலை, வருவோரை உடனழைத்துச் சென்று படங்களை விளக்குவதற்கென்றே ஆட்களை ஏற்படுத்திற்று. இன்று பெரிய கலைச்சாலைகள் யாவும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளன. பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டுதல், பிள்ளைகளுக்கு வகுப்பு, முதியோர்க்கு வகுப்பு என அவை வெளியிடும் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை.

ஆனால், இவற்றால் விளையும் பயன் யாது? வழிகாட்டி முன்னே செல்ல, இருபது முப்பது பேர் பின்னே செல்கின்றனர். ஓவியன் பிறந்த ஊர் எது, அவன் பட்ட கடன் எவ்வளவு, இந்தப் படம் இறுதியாக விலைபோன தொகை என்ன என்பன சொல்லப்படுகின்றன. கூட்டம் "அப்படியா!" என்று வியந்து அடுத்த படத்துக்கு நகர்கிறது. படத்தைப் பார்த்தவர் எவருமிலர். படத்தைப் பற்றிக் கேட்டவர் எல்லோரும். தலபுராணம் சொல்லி மூர்த்தி தரிசனம் செய்விக்கும் கோயிற் குருக்களுக்கும் இவ்வழிகாட்டிக்கும் வேற்றுமை சிறிதே.

இம்முறைக்கு மாறாக, பாடத்தையே முதலாகவும் படங்களை அதற்குக் கருவியாகவும் வைத்து அமைக்கப்பெற்ற சித்திரசாலை ஒன்றுண்டு. அதுவே பிலடெல்பியா நகரின் பார்ன்ஸ் ஸ்தாபனம். அதன் சிறப்பையும் குறையையும் நடுநின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

ஆல்பர்ட் பார்ன்ஸ் 1872இல் பிலடெல்பியாவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர்; தந்தையார் கசாப்புத் தொழிலாளி. பார்ன்ஸ் வைத்தியம் பயின்று, ஹில்லே என்னும் ஜெர்மானிய ரசாயன வல்லுநருடன் கூடி ஆர்ஜிரால் என்னும் வெள்ளிச் சத்து மருந்தை விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். பிறந்த குழந்தைகளின் கண்ணில் நோய் பற்றிக் குருடாகாமல் காத்த மருந்து அது. அவருடைய தொழிற்சாலையில் நீக்ரோ ஆடவர்களும் வெள்ளைப் பெண்களும் வேலை பார்த்தனர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை. அதில் இரண்டு மணி நேரம் படிப்பு. வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி முதலிய தத்துவ அறிஞர்களின் நூல்களைச் சீசாவில் மருந்து அடைப்போர் வாசித்து விவாதித்தனர். பார்ன்ஸ் தாம் வாங்கிய ஓவியங்களைத் தொழிற்சாலைச் சுவரிலேயே மாட்டி, அவற்றைப் பற்றியும் பேசச் செய்தார்.

இங்கே சிறிது நின்று எண்ண வேண்டும். இரவுப் பள்ளிகள் நம்மவர்க்கும் தெரிந்தனவே. பகலெல்லாம் உழைத்துச் சோர்ந்தவனை இரவில் விளக்கின் முன் உட்காரவைத்துவிட்டு, அவன் தூங்கி விழுந்தால் "கூலிக்காரனுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டுவது எளிது. பார்ன்ஸ் செய்தது வேறு. படிப்பு நேரம் கூலி நேரமாகவே கணக்கில் ஏறிற்று. செக்ரோல் எழுதும் கை அறியும், அந்த இரண்டு மணி நேரத்தின் பொருளை. அரை நாள் பெயர் விழாமற் போனதற்காக ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைக் கண்டவர்க்கு, இந்த ஓர் ஏற்பாடு ஆயிரம் சொற்பொழிவினும் பெரிதாகத் தோன்றும். கலைச்சாலைக் கல்வி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதனை ஒரு வரியில் சொல்லிக் கடந்து போகின்றனர். அவர்களுக்குச் செஸான் பெரிது. கூலிக் கணக்கு சிறிது.

1922ஆம் ஆண்டு டிசம்பரில் பார்ன்ஸ் ஸ்தாபனம் சட்டப்படி பதிவு பெற்றது. கலைச்சாலையாகவன்று, கல்விச் சாலையாகவே. கட்டிடம் 1925இல் நகருக்கு வெளியே மெரியன் என்னுமிடத்தில் திறக்கப்பெற்றது. கல்விப் பகுதிக்கு ஜான் டூயி தலைமை ஏற்றார். ரெனுவாவின் படங்கள் 181, செஸானின் படங்கள் 69, மாத்திஸின் படங்கள் 59 என்னும் தொகையைக் கேட்டாலே மேனாட்டார் மலைக்கின்றனர். ஆனால் தொகையினும் வியப்புக்குரியது அவற்றை மாட்டிய முறையே. காலவரிசை இல்லை, நாட்டுவரிசை இல்லை. ஐரோப்பிய ஓவியத்தின் பக்கத்தில் இரும்புக் கதவுக்கீல், அதன் கீழே நாட்டுப்புறத் தச்சன் செய்த பெட்டி. வெனிஸ் நகரப் பழம் படத்தினருகே நேற்று வரைந்த படம். வாயிலிலேயே ஆப்பிரிக்கச் சிற்ப வடிவங்கள் பதித்த ஓடுகள். படத்தின் கீழே விளக்கச் சீட்டும் கிடையாது. பெயரையும் விலையையும் நம்பிப் பார்க்காதே, கண்ணை நம்பிப் பார் என்பது இதன் கருத்து. கொல்லன் அடித்த கீலும் மாத்திஸ் எழுதிய கோடும் ஒரே சுவரில் சமமாக நிற்பதைக் காட்டினாரே, அதனை வெறும் அலங்காரம் என்று தள்ளுதல் இயலாது. கைத்தொழிலைத் தாழ்வென்றும் கலையை உயர்வென்றும் பிரித்துவைக்கும் சாதிமுறை ஒன்று மேனாட்டிலும் உண்டு. அச்சுவர் அதனை ஏற்கவில்லை.

டூயி 1934இல் வெளியிட்ட "அனுபவமாகக் கலை" என்னும் பொருள்படும் பேர்பெற்ற நூல் பார்ன்ஸுக்கே உரிமையாக்கப்பெற்றது. அந்நூலின் தொடக்கத்திலேயே டூயி, கலையை வாழ்க்கையினின்றும் பறித்துப் பீடத்தில் ஏற்றிய பழியைக் கலைச்சாலைகளின் மேலும், அவற்றை வளர்த்த முதலாளித்துவம், ஏகாதிபத்தியம் ஆகியவற்றின் மேலும் சுமத்துகிறார். கலைச்சாலையைக் கண்டிக்கும் நூலைக் கலைப்பொருள் சேர்த்த கோடீசுவரருக்கு அர்ப்பணித்தது முரணாகத் தோன்றலாம். டூயிக்கு அம்முரண் தென்படவில்லை போலும். பார்ன்ஸின் சாலை கலைச்சாலையே அன்று என்று அவர் நம்பியிருக்கக்கூடும்.

இனிக் குறைக்கு வருவோம். பார்ன்ஸ் 1925இல் வெளியிட்ட ஓவிய நூலிலும், வகுப்புகளிலும் வற்புறுத்தியது ஒன்றே: ஒளி, கோடு, நிறம், இடம் ஆகிய இவற்றின் இயைபே ஓவியம், படத்தில் வரும் கதையைக் கொண்டு படத்தை மதிப்பிடுதல் அறியாமை. இது நல்ல மருந்துதான். கண்ணீர்க் கதையைக் காட்டிக் காசு பறிக்கும் படங்கள் மலிந்த காலத்தில் இம்மருந்து வேண்டியதே. ஆனால் மருந்தையே உணவாக்கினால் என்ன ஆகும்?

அச்சாலையின் பெரிய கூடத்தில் செஸான் 1890க்கும் 1892க்கும் இடையே தீட்டிய சீட்டாட்டப் படம் ஒன்று இருக்கிறது. ஐந்து உருவங்கள். மூவர் மேசையில் குனிந்து ஆடுகின்றனர். ஒருவன் சுங்கான் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறான். ஓர் இளம்பிள்ளை ஆட்டத்தை எட்டிப் பார்க்கிறது. அதற்கு மேலே சூராவின் பெரிய படம் தொங்குகிறது. இச்சீட்டாடிகள் யாவர்? செஸானின் தந்தையார் பாங்கி முதலாளி. அவர் வாங்கிய பண்ணையில் கூலிவேலை செய்த குடியானவர்களையே மகன் மாதிரியாக உட்காரவைத்து எழுதினார். பண்ணைக்காரர் மகன் எழுத, பண்ணையாள் அசையாமல் அமர்ந்திருக்கிறான். அப்படத்தின் அமைதி எங்கிருந்து வந்தது, அம்மனிதர்களின் சட்டை ஏன் கல்லைப்போல் கனக்கிறது, எவரும் எவரையும் நோக்காததேன் என்று கேட்டால் அவ்வினாவுக்கு நிறமும் கோடும் பாதி விடை கூறும். மீதி விடை அவர்கள் யார் என்பதிலிருந்தே வரவேண்டும். பிலடெல்பியாத் தொழிலாளி ஒருவன் அப்படத்தின் முன் நின்று, "இவர்களும் என்னைப் போல் கூலியாட்கள் அல்லவா?" என்று கேட்டிருப்பானாயின், அதனைப் படத்துக்குப் புறம்பான பேச்சென்று அம்முறை ஒதுக்கிவிடும். உழைப்பாளிக்குக் கண்ணைக் கொடுத்துவிட்டு, அவன் வாழ்க்கையைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது எவ்வகைக் கல்வி?

இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஹொரேஸ் பிப்பின் என்னும் நீக்ரோ ஓவியர் முதல் உலகப் போரில் வலக்கையில் குண்டடிபட்டவர். ஊனமுற்ற அக்கையை இடக்கையால் தாங்கிப் படம் எழுதியவர். பள்ளியிற் சென்று ஓவியம் பயிலாதவர். பார்ன்ஸ் அவரைப் போற்றி, அவர் படங்களை வாங்கி, 1940ஆம் ஆண்டளவில் தம் வகுப்புக்கும் அழைத்தார். பிப்பின் சில காலம் சென்றார், பின்னர் நின்றுவிட்டார். போர்க்களத்தையும் தம் இனத்தாரின் அடுக்களையையும் எழுதியவர்க்குத் தாம் எழுதிய பொருளே முதன்மை. அவர் வகுப்பைவிட்டு நின்றது அவ்வகுப்பைப் பற்றிய விமர்சனங்களுள் சிறந்தது என்பது நம் கருத்து.

முறையின் குறை இவ்வாறாக, முறையை வகுத்தவரின் குணமோ வேறு தொல்லை. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் உழைத்துப் பிழைப்போர்க்குச் சித்திரசாலையில் இடமுண்டு என்று சாசனத்தில் எழுதியவர், யார் உள்ளே வரலாம் என்பதைத் தம் மனம்போல் முடிவு செய்தார். படித்தவரும் புகழ்பெற்றவரும் எழுதிக் கேட்டு மறுப்புப் பெற்றனர். எழுத்தாளர் மிச்சனர் மாணவராயிருந்தபோது தம்மை உருக்காலைத் தொழிலாளி என்று எழுதி அனுமதி பெற்றார் என்னும் செய்தி பலரும் அறிந்தது. படித்தவன் பாமரனாக வேஷம் போட்டு உள்ளே நுழைந்தான் என்று கேட்க நமக்குச் சிறிது மகிழ்ச்சியே. நாம் கண்ட ஊர்களிலெல்லாம் வேஷம் மாறியே இருந்திருக்கிறது. ஆயினும் கதவின் திறவுகோல் ஒருவர் கையில் இருக்குமளவும், அவர் இன்று நமக்கு வேண்டியவராயிருப்பது தற்செயலே.

நம் நேயர்கள் நன்கறிந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இதற்கு ஆளானார். 1940இல் நியூயார்க்கில் மதவாதிகளின் கூச்சலால் அவருடைய கல்லூரி நியமனம் ரத்தாயிற்று. வேலையற்று நின்ற அவ்வறிஞரைப் பார்ன்ஸ் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தம் ஸ்தாபனத்தில் அமர்த்திக் கொண்டார். பாராட்டத்தக்க துணிவு. ஆனால் ரஸ்ஸலின் மனைவியார் வகுப்பில் பின்னல் வேலை செய்தார் என்பது போன்ற சில்லறைப் பூசல்கள் முற்றி, 1942இன் இறுதியிலேயே அவரை நீக்கிவிட்டார். ரஸ்ஸல் வழக்காடி வென்றார். அங்கு ஆற்றிய விரிவுரைகளே 1945இல் மேனாட்டுத் தத்துவ வரலாறாக வெளிவந்தன.

1951இல் பார்ன்ஸ் மோட்டார் விபத்தில் மாண்டார். வரிவிலக்குப் பெறும் தர்ம ஸ்தாபனம் பொதுமக்களுக்குக் கதவடைத்தல் தகாதென்று பென்சில்வேனியா ராஜ்ய அரசாங்கம் வழக்குத் தொடுத்ததன் பயனாக, 1961 முதல் வாரத்திற் சில நாள், அளவான தொகையினர் உள்ளே விடப்பட்டனர். 2004இல் நீதிமன்றம் இசைவளிக்க, 2012 மே மாதத்தில் சித்திரசாலை பிலடெல்பியா நகரின் நடுவே புதிய கட்டிடத்தில் குடியேறிற்று. சுவர்களின் அமைப்பு மட்டும் கீல் ஒன்றும் பிசகாமல் அப்படியே வைக்கப்பெற்றது.

கதவு திறந்தது நன்றே. அதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயமில்லை. ஆனால் இங்கும் மற்றொரு கணக்குண்டு. நீக்ரோ மக்களின் கல்விக்கென 1854இல் தோன்றிய லிங்கன் பல்கலைக்கழகத்துக்கே, ஐந்து தர்மகர்த்தர்களில் நால்வரை நியமிக்கும் உரிமையைப் பார்ன்ஸ் விட்டுச் சென்றார். இடமாற்றத்தோடு தர்மகர்த்தர் தொகை பதினைந்தாக உயர்ந்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தின் பங்கு ஐந்தாயிற்று. "எல்லோருக்கும் திறந்துவிட்டோம்" என்னும் முழக்கத்தின் கீழே, நசுக்கப்பட்டோரின் கைக்கு வந்த பெரும்பான்மை சிறுபான்மையாயிற்று. கோயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, தர்மகர்த்தர் பதவியைப் பழைய கையிலேயே வைத்துக்கொள்வோரை நாம் அறியாதவரல்லோம். பழைய கதவின் பூட்டையும் புதிய கதவின் நிர்வாகத்தையும் ஒருங்கே கண்டிக்க ஒருவனுக்கு உரிமையுண்டு. இரண்டில் ஒன்றை ஆதரித்தே ஆகவேண்டுமென்னும் சட்டமில்லை.

இன்று அங்கே வகுப்புகள் குறைவின்றி நடைபெறுகின்றன. 2020 முதல் இணையவழியாகவும் நடத்துகின்றனர். படத்தைத் திரையிற் பெரிதாக்கி, தூரிகை சென்ற வழியையும் காட்டுகின்றனர். சீட்டாடிகளின் சட்டை மடிப்பை இங்கிருந்தே காணலாம். கோடையில் பிலடெல்பியாவின் நண்பகல் நமக்கு நள்ளிரவு. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவன் அவ்வேளையில் விழித்திருந்து பாடம் கேட்பதானால், அவ்விரண்டு மணி நேரத்தை எவருடைய செக்ரோலில் எழுதுவது என்பதை மட்டும் வகுப்பு அறிவிப்புகளில் காணோம்.