எழுவகை மதமும் இதயக் குறியும்

கோவை மாநகருக்குத் திரைப்படம் பற்றிய வாதம் புதிதன்று. 1914-ஆம் ஆண்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலைக் கட்டியது இவ்வூரில்தான். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் புகழோடு விளங்கியதும் இங்கேதான். ரஜினியா, கமலா என்று உக்கடத்துத் தேநீர்க் கடைகளில் இரவு நெடுநேரம் நடந்த வழக்குகளை நாம் இளமையில் கேட்டிருக்கிறோம். கடைக்காரர் விளக்கை அணைத்தால் வாதம் முடியும். வாதிட்ட இருவரும் ஒரே சைக்கிளில் வீடு திரும்புவர்.

இன்று அவ்வழக்கு கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. விஜய் ரசிகரும் அஜித் ரசிகரும் எக்ஸ் தளத்தில் (2023 வரை அதன் பெயர் ட்விட்டர்) நடத்தும் சொற்போரைக் கண்ணுறும் பெரியோர் பலர், 'பிள்ளைகள் கெட்டுப்போயினர்' என்று கூறி அமைகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மன்றத்தின் கட்டுமானம் மாறினால் மன்றத்தில் எழும் பேச்சும் மாறும். ஆகவே ஆராய வேண்டுவது முதலில் கட்டுமானத்தையே.

பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைப் பவணந்தியாரின் ஊராகக் கூறும் மரபு கொங்குநாட்டில் உண்டு. அவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதம் கூறினார். ஈண்டு மதம் என்பது கொள்கையை, நிலைப்பாட்டைக் குறிக்கும். உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று. ஆனால் அவர் அவ்விரண்டோடு நின்றாரில்லை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதலும் அவ்வேழனுள் அடங்கும். மத்ரஸாவில் நாம் ஓதிய முனாழரா என்னும் வாதக்கலையும் இதற்கு அயலானதன்று. ஒருவர் ஒன்றை நாட்டினால், மற்றவர் அதற்குச் சான்று கேட்கலாம். ஆனால் நாட்டப்பட்டது யாதென விளங்கிக்கொள்ளாமல் மறுக்கலாகாது.

இவ்வளவையும் எக்ஸ் தளத்தின் அமைப்பில் வைத்துப் பாருங்கள். உடன்படுவோர்க்கு இதயக் குறி இருக்கிறது; மறுபகிர்வு இருக்கிறது. உடன்படாதோர்க்குத் தனிக்குறி யாதும் இல்லை. அவர் பதில் எழுத வேண்டும், அல்லது எதிரியின் பதிவையே மேற்கோளாக எடுத்துக்காட்டி ஏச வேண்டும். இரண்டும் அந்தப் பதிவையே மேலும் பலர் கண்ணில் படச் செய்கின்றன. 2023-இல் அத்தளம் தன் பரிந்துரை முறையின் ஒரு பகுதியை வெளியிட்டது. வாசகர் விருப்பக் குறி இடக்கூடும் என்ற வாய்ப்புக்கு அப்போது தரப்பட்டிருந்த எடை 0.5, பதில் எழுதக்கூடும் என்ற வாய்ப்புக்கு 13.5. அமைதியாகத் தலையசைக்க வைக்கும் சொல்லினும், சினந்து பதில் எழுதத் தூண்டும் சொல்லுக்கு ஏற்றம் மிகுதி என்பதே இதன் பொருள்.

ட்ரெண்டிங் பட்டியலின் இயல்பும் இத்தகையதே. நாள் முழுதும் சீராக நடக்கும் உரையாடலை அது பெரிதாக மதிப்பதில்லை. குறுகிய நேரத்தில் திடீரெனப் பொங்கும் வேகத்தையே மதிக்கிறது. எனவேதான் ரசிகர்கள் 'மாலை 6 மணிக்குத் தொடங்குவோம்' என்று நேரம் குறிக்கின்றனர். அதுவரை ஹேஷ்டேக்கை வெளியிடாமல் காக்கின்றனர். அதன்பின் எழுதுவதில் கருத்து இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எண்ணிக்கை இருந்தால் போதும். 2019-ஆம் ஆண்டின் முதல் பாதியில் இந்தியாவில் மிகுதியாகப் பதிவிடப்பட்ட ஹேஷ்டேக் 'விஸ்வாசம்' என்று ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது. மக்களவைத் தேர்தல் நடந்த அரையாண்டு அது என்பதை நினைவிற் கொள்க.

அவ்வாண்டு ஜூலை இறுதியில், உயிரோடிருக்கும் நடிகர் விஜய்க்கு இரங்கல் கூறும் ஹேஷ்டேக் ஒன்று நாடளவில் பட்டியலில் ஏறியது. அவர் ரசிகர்கள் நீடுவாழ்க என்று வேறொன்றை ஏற்றினர். இழிசெயலைக் கண்டித்தோர் அந்தச் சொல்லையே எழுதிக் கண்டித்தபோதும் எண்ணிக்கை கூடவே செய்தது. மறுப்பே விளம்பரமாகும் அவலம் இது. கணக்கிடும் பொறிக்கு வாழ்த்தும் வசையும் ஒன்றே.

எனினும் எதிரணியோடு நிகழும் சண்டை நம்மை அத்துணை வருத்தவில்லை. நம்மிடம் யாப்பு பயின்ற மாணவர் ஒருவர், தம் அபிமான நடிகரின் படம் ஒன்றைப் பற்றி, முற்பகுதி நன்று, பிற்பகுதி தளர்ந்தது என்று காரணங்களோடு எழுதினார். ஒரு மணி நேரத்தில் தம் அணியினரே அவரை 'எதிரியின் கையாள்' என்றனர். மறுநாள் அப்பதிவை நீக்கிவிட்டு, வசூல் எண்ணிக்கை ஒன்றைப் பகிர்ந்தார். 'ஏன் தம்பி?' என்றோம். 'உஸ்தாத், அங்கே பாதி உடன்பட இடமில்லை' என்றார். நாம் எழுத நினைத்த விமர்சனம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பவணந்தியார் வகுத்த ஏழனுள் இரண்டு மட்டும் எஞ்சி, ஐந்தும் அங்கே வாழ்விழந்தன.

கருவியே தீது என்று கூறுதல் நீதியாகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே ஹேஷ்டேக் படகுக்கும் உணவுக்கும் வழிகாட்டியது. அப்போது ஒவ்வொரு பதிவிலும் ஓர் இடம் இருந்தது, ஒரு தேவை இருந்தது. செய்தி உண்மைதானா என்று கேட்டறியும் பொறுப்பும் பலரிடம் இருந்தது. வேகத்துக்குப் பொருள் துணையாக நின்றது. ரசிகர் போரில் வேகம் மட்டுமே நிற்கிறது.

நடிகர்கள் அறிக்கை விடுவதால் இது தீராது. அஜித் 2011-இலேயே தம் மன்றங்களைக் கலைத்தார், போர் ஓயவில்லை. மன்றத்துக்குத் தலைவர் உண்டு, கலைக்கலாம். பொத்தானுக்குத் தலைவர் இல்லை. ஆகவே ஆசிரியராகிய நம் கடமை வகுப்பறையில் இருக்கிறது. எழுவகை மதத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒரு திரைப்படத்தையே எடுத்துக்கொண்டு ஏழு நிலையிலும் பேசப் பழக்குவோம். பாதி உடன்படவும் மீதி மறுக்கவும் கற்ற பிள்ளை, இதயக் குறியின் முன் சற்றே தயங்கும். அத்தயக்கத்தில்தான் விமர்சனம் பிறக்கிறது.