தாய்க்காடை இருந்தால் போதுமா?

கொங்கு நாட்டில் காடை வளர்ப்பு என்றால் பெரும்பாலும் அடுக்குக்கூண்டில் வளரும் ஜப்பானியக் காடைதான். முட்டை இன்குபேட்டரில் பொரிகிறது, குஞ்சு பல்பின் சூட்டில் தேறுகிறது, ஐந்து வாரத்தில் கறிக்குப் போகிறது. தாயும் குஞ்சும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. இதற்கு மாற்றாக, தோட்டத்து மண்தரையில் ஆளுயர வலைக்கூண்டு அமைத்து, அடையிருந்த பெட்டையிடமே குஞ்சுகளை ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு. ‘இயற்கை வளர்ப்பு’ என்ற பெயர் அதற்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அதன் நன்மைகள் உண்மையானவை. ஆனால் அவை தாமாக வந்து சேர்வதில்லை. இந்த இனம் பெருமளவு இழந்துவிட்ட அடைக்குணத்தையும் கூண்டின் குறைகளையும் வளர்ப்பவர் ஈடுகட்டினால்தான் அவை கைகூடும்.

முதலில் நிறைகள். பொரித்த அன்று காடைக்குஞ்சின் எடை ஏழெட்டு கிராம்தான். தன் உடல்சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. அதனால்தான் புரூடர் என்ற சூட்டறையில் முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, பிறகு வாரந்தோறும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் குஞ்சுகள் ஒரே மூலையில் குவிந்து, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகின்றன. தாயின் அடியில் இந்த ஆபத்து குறைவு. குளிர்ந்த குஞ்சு இறகுக்குள் நுழைகிறது, சூடேறியது வெளியே வந்து மேய்கிறது. தாய் ஊட்டுவதில்லை, ஆனால் இரை இருக்கும் இடத்தைக் குரல் கொடுத்துக் காட்டுகிறது, ஆபத்தென்றால் எச்சரிக்கிறது. பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வுகள், தாயிடம் வளர்ந்த ஜப்பானியக் காடைகள் தனித்து வளர்ந்தவற்றைவிட அச்சம் குறைந்தவையாகவும் கூட்டத்தோடு ஒட்டுபவையாகவும் இருப்பதைக் காட்டின. மிரண்டால் செங்குத்தாக எழும்பித் தலையை மோதிக்கொள்ளும் பறவைக்கு இது பெரிய நன்மை.

இனிக் குறைகள். முதலாவது பறவையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜப்பானியக் காடை 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இஜ்ஜத்நகர் ஆராய்ச்சி மையத்துக்கு வந்தது. பின்னர் நாமக்கல், நந்தனம் ஆராய்ச்சி மையங்கள் நம் ஊருக்கேற்ற காடைகளை உருவாக்கின. எங்கும் தேர்வுக்கு அளவுகோலாக இருந்தவை முட்டையும் எடையும்தான். அடையில் உட்கார்ந்த பெட்டை முட்டை இடுவதை நிறுத்திவிடும். எனவே முட்டையை எண்ணித் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தலைமுறையிலும் அடைக்குணம் கழிந்துகொண்டே வந்தது. இன்று பெரும்பாலான பெட்டைகள் கண்ட இடத்தில் முட்டையிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அடுக்குக்கூண்டிலிருந்து எடுத்துப் பெரிய கூண்டில் விட்டால் மட்டும் அந்தக் குணம் திரும்பிவிடாது.

இரண்டாவது குறை, குடும்பம் என்ற கற்பனை. ஜப்பானியக் காடையில் அடையிருப்பது பெட்டைதான். அடைபட்ட கூண்டில் சேவல் பெட்டையை ஓயாமல் துரத்துகிறது, குஞ்சைக் கொத்தவும் செய்கிறது. பல பெட்டைகள் ஒன்றாக இருந்தால் ஒரே குழியில் முட்டையிடுகின்றன. முட்டைகளின் வயது வேறுபடுவதால் முதலில் பொரித்தவற்றோடு தாய் கிளம்பிவிடுகிறது, எஞ்சிய முட்டைகள் குளிர்ந்து வீணாகின்றன. ஆகவே பெட்டை அடையில் அமர்ந்ததும் அதைத் தனி அறையில் வைப்பதுதான் பாதுகாப்பு. தந்தைக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது குறை கூண்டில் இருக்கிறது. ஓர் அங்குலக் கண் உள்ள கோழிவலை தாயை நிறுத்தும், குஞ்சை நிறுத்தாது. அடிப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்குத் தகடோ பலகையோ வேண்டும். வலையை மண்ணுக்குள்ளும் இறக்கினால்தான் கீரியும் பெருச்சாளியும் தோண்டி வராது. ஆழமான தண்ணீர்த் தட்டில் குஞ்சு மூழ்கிவிடும், கூழாங்கல் போட்டால் அந்த ஆபத்து நீங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரலோடு வரும் காற்று பொள்ளாச்சிப் பக்கம் பலமாக அடிக்கும். நனைந்த குஞ்சைத் தாயாலும் காப்பாற்ற இயலாது, மேற்குப் பக்கத்தை மறைத்தே ஆகவேண்டும். கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப் புல்லை மூலையில் கட்டிவைத்தால் ஒளிய இடம் கிடைக்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது தீவனம். முட்டைக்காடைத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம். தாயோடு சேர்ந்து குஞ்சும் அதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். புரதம் 24 முதல் 27 சதவீதம் உள்ள குஞ்சுத் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் வைத்து, தாய்க்குக் கிளிஞ்சல் தூளைத் தனியே கொடுப்பது நல்லது. மண்தரையில் எச்சம் தேங்கினால் இரத்தக்கழிச்சல் பரவும். இயற்கை என்ற பெயர் சுத்தம் செய்யும் வேலையைக் குறைக்காது.

கணக்கையும் பார்க்கவேண்டும். அடைக்கு 17, 18 நாள், குஞ்சு தேற மூன்று வாரம் என்றால் ஒரு பெட்டை ஏறத்தாழ முப்பது முட்டைகளை இழக்கிறது. அதன் சிறகுக்குள் அடங்குவது பத்துக் குஞ்சுகள் அளவே. சந்தைக்கு வளர்ப்பவருக்கு இது கட்டாது. அவர்களை இதற்காகக் குறை சொல்வதும் நியாயமல்ல.

ஆனால் வீட்டளவில் சில காடைகள் வைத்திருப்பவர் தாய்வளர்ப்பைச் செய்யலாம் என்பதோடு, செய்யவும் வேண்டும் என்பேன். அடைக்குணம் முழுதாக மறைந்துவிடவில்லை. உட்காரும் பெட்டைகளின் மகள்களையே விதைக்கு வைத்தால் சில தலைமுறைகளில் அதை மீட்க வழியுண்டு. அதுவரை, இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளை இரவில் இருட்டான பெட்டியில் பெட்டையின் அடியில் விட்டுப் பார்க்கலாம். ரென் ஆய்வுகளில் அடையிருக்காத பெட்டைகளும் இப்படிக் குஞ்சுகளை ஏற்றன. சிறுவிடைக் கோழியை அடைவைப்பதும் ஒரு வழி, ஆனால் அதன் எடையில் முட்டை உடையும், குஞ்சு மிதிபடும், கோழியின் நோயும் தொற்றும். காட்டுக்காடையைப் பிடித்துவந்து அடைக்குணக் குறையைத் தீர்க்க நினைப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தாய்வளர்ப்பைச் செலவும் உழைப்பும் மிச்சமாகும் வழியென்று நம்பித் தொடங்குபவர் குஞ்சுகளைப் பறிகொடுப்பார். நாம் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பறித்த ஒரு குணத்தைத் திருப்பித் தரும் கடமையென்று எண்ணித் தொடங்குபவரிடம் அது பலன் தரும்.